பெருவிலங்குகள் எதனால் மறைந்தன?

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் ஒரே கேள்விக்குத் தம் வாழ்நாளில் இரண்டு விடை எழுதிவைத்துப் போனவர். இயற்கைத் தேர்வு என்ற கருத்தை டார்வினுக்கு இணையாகத் தாமே கண்டடைந்த அதே வாலஸ்தான். விலங்குகளின் புவிப்பரவல் பற்றி 1876இல் எழுதிய பெருநூலில், உலகின் பெரிய விலங்குகள் பல மண்ணியல் கணக்கில் மிக அண்மையில்தான் காணாமல் போயின என்று சுட்டிக்காட்டி, பழியைப் பனியுகத்தின் மேல் போட்டார். எண்பது வயதைத் தாண்டியபின் எழுதிய ‘உயிர்களின் உலகம்’ என்ற நூலில் அந்த விடையைத் திருத்தி, மனிதனே முதற்காரணம் என்றார். அவர் ஒருவர் மனத்துக்குள் நடந்த அந்த மாற்றம், பின்னாளில் விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நடத்திய நீண்ட சண்டையாக ஆனது.

எவையெல்லாம் போயின என்று பார்த்தால்தான் கேள்வியின் கனம் புரியும். கடைசிப் பனியுகம் முடிவதற்குள் வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 37 பாலூட்டிப் பேரினங்கள் அழிந்தன. மாமூத், மாஸ்டோடான் என்ற யானைச் சொந்தங்கள், ஒட்டகங்கள், குதிரைகள், வாள்பல் பூனைகள் எல்லாம் அதில் அடக்கம். தென் அமெரிக்காவில் யானை அளவு வளர்ந்த தரைவாழ் ஸ்லாத்தும், முதுகில் கூண்டுபோல் ஓடு சுமந்த கிளிப்டோடானும் போயின. ஆஸ்திரேலியாவில் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பைம்மாவான டைப்ரோடோடான் போயிற்று. மடகாஸ்கரில் யானைப்பறவை, நியூசிலாந்தில் மோவா. ஆப்பிரிக்காவிலும், நம் தெற்காசியாவிலும், தென்கிழக்காசியாவிலும்தான் யானை, காண்டாமிருகம் போன்றவை இன்றும் நடமாடுகின்றன.

நான் மண்ணியலாளனும் அல்ல, தொல்லுயிர் ஆய்வாளனும் அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். சாணத்தோடும் சினையோடும் பிரேதப் பரிசோதனையோடும் பழகியவன். இந்த விவாதத்தில் எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் தொழில்தான். இன்சூரன்ஸ் செய்த மாடு செத்தால் நாங்கள் எழுதித் தரும் சான்றிதழில் ‘இறப்புக்கான காரணம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒற்றை வரியை நிரப்புவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வறட்சி வருடங்களில், பூ எடுக்காத இளஞ்சோளப் பயிரில் மாடு புகுந்து மேய்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறி, துடித்து விழும். அறுத்துப் பார்த்தால் ரத்தம் பளிச்சென்று செக்கச்சிவப்பாக இருக்கும். சயனைடு நஞ்சு. சான்றிதழில் அதைத்தான் எழுதுவேன். ஆனால் மழை தவறாமல் பெய்திருந்தால் அந்தப் பயிரில் நஞ்சு அவ்வளவு ஏறியிருக்காது. மேய்ச்சல் நிலத்தில் புல் இருந்திருந்தால் மாடு வேலி தாண்டியிருக்காது. அப்படியானால் மாட்டைக் கொன்றது சோளமா, வறட்சியா, சரியாகக் கட்டாத கயிறா? “ஐயா, நீங்க என்னதான் எழுதுவீங்க?” என்று மாட்டுக்காரர் கேட்பார். எது இல்லாமல் இருந்திருந்தால் மாடு பிழைத்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே போவதுதான் நாங்கள் செய்யும் ஆய்வு. பெருவிலங்குகள் விஷயத்திலும் அதையே கேட்கலாம்.

அழிந்துபோகும் என்றே நம்பாத காலம்

ஒரு விலங்கினம் பூமியை விட்டே போய்விடக்கூடும் என்பதை ஐரோப்பியர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை சுலபத்தில் ஏற்கவில்லை. அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன், தமக்குக் கிடைத்த ஸ்லாத்தின் பெரிய நக எலும்புகளை மெகலோனிக்ஸ் என்று பெயரிட்டு 1797இல் விவரித்தார். அந்த விலங்கு மேற்கே எங்கோ உயிரோடு திரிகிறது என்றே அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் பாரிஸில் இருந்த ஜார்ஜ் கூவியே. பிரெஞ்சுப் படைகள் ஹாலந்தைப் பிடித்தபோது, அந்நாட்டு ஆட்சியாளரின் சேகரிப்பிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்ட பொருள்களில் இரண்டு யானை மண்டையோடுகள் இருந்தன. ஒன்று இலங்கையிலிருந்து வந்தது, மற்றது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது. இரண்டின் கடைவாய்ப் பற்களையும் தாடைகளையும் ஒப்பிட்ட கூவியே, ஆசிய யானையும் ஆப்பிரிக்க யானையும் வெவ்வேறு இனங்கள் என்று 1796இல் காட்டினார். சைபீரியாவில் கிடைத்த மாமூத் எலும்புகள் இவ்விரண்டில் எதனோடும் பொருந்தவில்லை. அவ்வளவு பெரிய விலங்கு யார் கண்ணிலும் படாமல் எங்கே ஒளிந்திருக்க முடியும்? அது அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு அவர் வந்தார். இலங்கை யானை ஒன்றின் தலையும் அந்த முடிவுக்குச் சாட்சி சொன்னது.

சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் ஊர்

காரணம் தேடும்போது முதலில் தெளிவான இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. அப்படிப்பட்ட இடம் நியூசிலாந்து.

1839இல் லண்டனில் ரிச்சர்ட் ஓவன் கையில் சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் எலும்புத் துண்டு கிடைத்தது. நெருப்புக்கோழி அளவுள்ள பறக்காத பறவையின் தொடையெலும்பு என்று அவர் துணிந்து சொன்னார். பிறகு குவியல் குவியலாக எலும்புகள் வந்து அவர் சொன்னதை உறுதிப்படுத்தின. அதுதான் மோவா. இப்போது ஒன்பது இனங்கள் என்று கணக்கிடுகிறார்கள். பெரிய இனத்தின் பெட்டை 200 கிலோவுக்கு மேல் எடை.

பாலினீசியர்கள், அதாவது இன்றைய மவோரி மக்களின் முன்னோர், அந்தத் தீவுகளுக்கு வந்து குடியேறியது சுமார் 1300ஆம் ஆண்டை ஒட்டி. ஏறக்குறைய 1450க்குள் ஒன்பது இனமும் முடிந்தன. பெரும்பாலும் மோவாவை நம்பி வாழ்ந்த ஹாஸ்ட் கழுகு என்ற ராட்சதப் பறவையும் கூடவே போயிற்று. பழைய எலும்புகளின் மரபணுவை 2014இல் ஆராய்ந்தவர்கள், மனிதன் வருவதற்கு முன்னால் மோவாக்களின் தொகை தேய்ந்துகொண்டிருந்ததற்கான அடையாளம் எதையும் காணவில்லை. அந்த 150 ஆண்டுகளில் பனியுகமும் மாறவில்லை, பெரிய வறட்சியும் இல்லை. மோவாவை அறுத்துச் சமைத்த அடுப்புகளும் எலும்புக் குவியல்களும் தென்தீவின் ஆற்று முகத்துவாரங்களில் நிறையக் கிடைக்கின்றன.

வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மோவாக்கள் மறைந்த காலத்தில் தீவு முழுவதும் சில ஆயிரம் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள் என்று சில ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இவ்வளவு குறைவான ஆட்கள் அவ்வளவு பெரிய நிலத்தை எப்படிக் காலி செய்தார்கள் என்று கேட்பவர்கள், வேட்டைக்காரரின் வீரத்தை மட்டும் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ண வேண்டியது பறவையின் குஞ்சுகளை. மோவா எலும்பின் குறுக்குவெட்டில் மரத்தின் வளையங்களைப் போல வளர்ச்சிக் கோடுகள் உண்டு. அவற்றை எண்ணியபோது, மோவா முழுதாக வளர ஏறக்குறைய பத்தாண்டுகூட ஆகியிருக்கிறது. முட்டையும் ஒன்றோ இரண்டோதான். அப்படி மெதுவாகப் பெருகும் பறவையை ஒருவர் முட்டைக்காக, இன்னொருவர் இறைச்சிக்காக என்று எடுத்துக்கொண்டிருந்தால் ஈடுகட்ட அதனால் முடியாது.

ஈத்துக் கணக்கு

ஓர் இனம் அழிவதற்கு யாரும் கூட்டமாகக் கொன்று குவிக்கத் தேவையில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் 1,000 யானைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் ஈனும் வயதுள்ள பெண் யானைகள் 300. யானை சினையாக இருப்பது 22 மாதம். ஓர் ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் இடையே நாலைந்து வருடம். ஆகவே ஆண்டுக்குச் சுமார் 60 கன்றுகள். நோய், முதுமை, புலி, பள்ளம் என்று இயற்கையாக 45 யானைகள் இறந்தால் ஆண்டு முடிவில் மிச்சம் 15. இப்போது வேட்டைக்காரர்கள் வந்து நூற்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் கொல்கிறார்கள் என்றால், முதல் ஆண்டு 30 யானைகள் கூடுதலாகப் போகும். மிச்சம் இருந்த இடத்தில் 15 குறைவு. அதே விகிதம் தொடர்ந்தால் ஐந்நூறு ஆண்டுக்குள் அந்த வட்டாரத்தில் யானை இருக்காது. அவ்வூர் வேட்டைக்காரர் தம் வாழ்நாளில் பார்ப்பதெல்லாம், தாத்தா காலத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்தன என்பது மட்டும்தான்.

பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய எலும்பைக் கரிமக் காலக்கணிப்பில் அளந்தால் ஐந்நூறு ஆண்டு என்பது சின்ன இடைவெளி. அதனால்தான் மெல்ல நடந்த தேய்மானம் எலும்புச் சான்றில் திடீர்ச் சாவாகத் தெரிகிறது.

இதே கணக்கை ஆஸ்திரேலிய உயிரியலாளர் கிறிஸ்டோபர் ஜான்சன் 2002இல் உலக அளவில் போட்டுப் பார்த்தார். உடல் பெரிதாக இருந்ததால் ஒரு விலங்கு அழிந்ததா, மெதுவாகப் பெருகியதால் அழிந்ததா என்பது அவர் கேள்வி. மெதுவாகப் பெருகியவைதான் அழிந்தன. உடல் அளவு தனியாக ஒரு காரணமே அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. மெதுவாகப் பெருகியும் தப்பித்தவை பெரும்பாலும் மரத்தில் ஏறிக்கொண்டவை, இரவில் திரிந்தவை, அடர்காட்டில் இருந்தவை. வேறு விதமாகச் சொன்னால், மனிதன் கண்ணில் எளிதாகப் படாதவை. பனியும் வறட்சியும் பகலில் மேய்வதைக் கொன்று இரவில் மேய்வதை விட்டுவைக்கக் காரணம் இல்லை. இதுவரை வந்த சான்றுகளில் என்னை அதிகம் அசைத்தது இதுதான்.

மனிதனே இல்லாத தீவு

எதிர்க்கட்சியின் மிகச் சிறந்த சாட்சி அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் உள்ள செயின்ட் பால் என்ற சிறு தீவு. பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறியபோது அங்கே மாமூத்துகள் சிக்கிக்கொண்டன. பெருநிலத்தில் மாமூத் முடிந்து பல ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் இவை வாழ்ந்தன. இன்றைக்குச் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் இவையும் போயின. மனிதன் அந்தத் தீவில் காலடி வைத்ததோ 1787இல், அதுவும் ரஷ்ய வேட்டைக்காரர்கள் மூலம். ஆகவே இந்தச் சாவில் மனிதனுக்குப் பங்கே இல்லை.

என்ன நடந்தது என்பதை அத்தீவின் ஓர் ஏரிச் சேறு சொல்கிறது. 2016இல் வெளியான ஆய்வில், சேற்றின் அடுக்குகளில் மாமூத்தின் மரபணுத் துணுக்குகளையும், சாணத்தில் வளரும் பூஞ்சையின் வித்துகளையும் தேடினார்கள். கடல் ஏற ஏறத் தீவு சுருங்கியது. ஏரி ஆழம் குறைந்து, நீர் கலங்கி, உப்பேறியது. மாமூத்துகள் குடிநீர் இல்லாமல் முடிந்தன. யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் வேண்டியிருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ரேங்கல் தீவின் மாமூத்துகள் இன்னும் பிந்தி, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்தன. எகிப்தில் பெரிய பிரமிடு கட்டி முடிந்து சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன; சிந்துவெளியில் நகரங்கள் இருந்தன. ரஷ்ய ஆய்வாளர்கள் 1993இல் இதை அறிவித்தபோது பலர் நம்பத் தயங்கினார்கள். அந்தக் கூட்டம் மிகச் சில விலங்குகளிலிருந்து தொடங்கி, இருநூறு முந்நூறு என்ற அளவிலேயே ஆறாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்தது என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. உறவுக்குள்ளேயே இனம்பெருக்கினால் என்ன குறை வரும் என்று நம் ஊர்ப் பொலிகாளை வைத்திருந்தவர்கள் அறிவார்கள். ஆனாலும் முடிவு திடீரென வந்திருக்கிறது. அத்தீவில் கிடைத்த மிகப் பழைய மனிதத் தடயம் கடைசி மாமூத்துக்குச் சில நூறு ஆண்டு பிந்தியது. மனிதன் கொன்றான் என்று இங்கே எழுத ஆதாரம் போதாது.

ஆனால் இந்த இரண்டு தீவுகளும் இன்னொன்றையும் சொல்கின்றன. பெருநிலத்தைக் கலக்கிய அதே பருவமாற்றத்தைத் தாண்டி மாமூத்துகள் இங்கே பல ஆயிரம் ஆண்டு உயிர்வாழ்ந்தன. மனிதன் எட்டாத இடத்தில்தான் அது நடந்தது. கியூபா, ஹிஸ்பானியோலா தீவுகளின் ஸ்லாத்துகளும் அப்படியே: பெருநில ஸ்லாத்துகள் அழிந்தபின் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டு அவை நீடித்து, மனிதர் அத்தீவுகளில் குடியேறிய காலத்தை ஒட்டியே போயின.

இரண்டு சந்தேகமும் ஒன்றாக வந்த இடம்

வட அமெரிக்காதான் சிக்கல். அரிசோனா பல்கலைக்கழகத்தின் பால் மார்ட்டின் 1967இல் ‘மிகைவேட்டை’ என்ற கொள்கையை முன்வைத்தார். கிளோவிஸ் எனப்படும் ஈட்டிமுனைகளை ஏந்திய வேட்டைக்காரர்கள் அலாஸ்கா வழியாக வந்து, அலைபோலத் தெற்கே பரவி, சில நூறாண்டில் பெருவிலங்குகளைத் தீர்த்துவிட்டார்கள் என்பது அவர் சொன்ன கதை. அரிசோனாவின் நாக்கோ என்ற இடத்தில் 1950களில் கிடைத்த ஒரு மாமூத்தின் எலும்புகளோடு எட்டு ஈட்டிமுனைகள் இருந்தன.

டொனால்ட் கிரேசன், டேவிட் மெல்ட்சர் என்ற இரு தொல்லியலாளர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். மனிதன் பெருவிலங்கைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட 76 இடங்களை 2002இல் ஒவ்வொன்றாகச் சோதித்து, 14 இடங்களை மட்டுமே ஏற்றார்கள். அவற்றிலும் 12 மாமூத், 2 மாஸ்டோடான். மற்ற முப்பதுக்கு மேற்பட்ட பேரினங்களை மனிதன் கொன்றதற்கான எலும்பு எங்கே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. கிளோவிஸ் வேட்டைக்காரர்கள் பரவியது சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன். ‘இளைய டிரையஸ்’ என்ற திடீர்க் குளிர் தொடங்கியது 12,900 ஆண்டுகளுக்கு முன். மனிதனும் குளிரும் சேர்ந்து வந்தால் எதன் மேல் பழி போடுவது?

எலும்பு கிடைக்காததை நான் பெரிய மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் நாய்களும் பறவைகளும் மழையும் ஒன்றிரண்டு ஆண்டில் என்ன செய்துவிடும் என்று பார்த்திருக்கிறேன். 13,000 ஆண்டு கடந்து, வெட்டுக்காயத்தோடு ஒரு எலும்பு மிஞ்சுவதே அதிர்ஷ்டம். எலும்பைத் தவிர வேறு சாட்சிகளும் உண்டு.

முதல் சாட்சி சாணம். மேய்ச்சல் விலங்குகளின் குடல் வழியாகப் போய்வந்தே தன் வாழ்வை முடிக்கும் ஸ்போரோர்மியெல்லா என்ற பூஞ்சை உண்டு. சாணம் அதிகம் என்றால் ஏரிச் சேற்றில் அதன் வித்து அதிகம். இண்டியானாவின் ஆப்பிள்மன் ஏரியில் இந்த வித்துகள் சுமார் 14,800 ஆண்டுகளுக்கு முன் குறையத் தொடங்கி 13,700 வாக்கில் அடிமட்டத்துக்கு வந்தன. இது மார்ட்டினின் அலைக்கதைக்கும் உதைக்கிறது, குளிர்க்கதைக்கும் உதைக்கிறது. இரண்டுக்கும் முன்பே தேய்வு தொடங்கிவிட்டது. ஆனால் அக்கண்டத்தில் மனிதர்கள் கிளோவிஸுக்கு முன்பே இருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் மானிஸ் என்ற இடத்தில், 13,800 ஆண்டுகளுக்கு முந்தைய மாஸ்டோடான் விலா எலும்பில் எலும்பால் செய்த ஈட்டிமுனை தைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் லிஞ்ச் எரிமலைவாய்ச் சேற்றிலும் இதே வரிசைதான்: சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் சாணப் பூஞ்சை முதலில் குறைந்தது, காட்டுத்தீயின் கரி பிறகு கூடியது, செடிகொடிகள் அதற்கும் பிறகு மாறின. தாவரம் மாறியதால் விலங்கு பட்டினி கிடந்து செத்தது என்றால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சாட்சி தந்தம். யானைத் தந்தத்தில் ஆண்டு வளையங்கள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃபிஷர் மாஸ்டோடான் தந்தங்களின் வளையங்களைப் படித்து, கடைசிக் காலத்து ஆண் மாஸ்டோடான்கள் முன்னதாகவே பருவத்துக்கு வந்தன என்று வாதிட்டார். இது எங்கள் தொழிலில் அன்றாடம் பார்ப்பது. நல்ல தீவனம் தின்ற கலப்பினக் கிடேரி ஒன்றரை வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடும். மேய்ச்சல் காய்ந்த வருடங்களில் மூன்று வயதாகியும் சினை நிற்காது. மாட்டுக்காரர்கள் ஊசி கேட்டு வந்து நிற்பார்கள். மாஸ்டோடான்கள் பட்டினியால் தேய்ந்திருந்தால் பருவம் தள்ளிப்போயிருக்க வேண்டும். முன்னால் வந்திருக்கிறது என்றால் தலைகள் குறைந்து தீவனம் தாராளமாக இருந்திருக்கிறது. படித்த தந்தங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனாலும் அவை காட்டும் திசை வேட்டையின் பக்கம்.

குதிரையும் அதையே சொல்கிறது. வட அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த இனம் அது, அங்கேயே அழிந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய குதிரைகளில் தப்பி ஓடியவை அதே புல்வெளிகளில் காட்டுக்குதிரைகளாகப் பெருகின. புல் அப்போதும் இருந்தது.

எல்லாவற்றையும்விட எளிய வாதம் ஒன்று உண்டு. கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் பனியுகமும் வெப்பகாலமும் மாறி மாறிப் பலமுறை வந்துபோயின. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பகாலம் கடைசியாக வந்ததைவிடச் சூடானது. மாமூத்தும் ஸ்லாத்தும் அவற்றையெல்லாம் தாண்டி வந்தவை. கடைசி முறை மட்டும் ஏன் தவறின? அந்த முறை மட்டும் மனிதன் உடன் இருந்தான்.

கொள்ளைநோயும் வால்நட்சத்திரமும்

ராஸ் மக்ஃபீ, பிரெஸ்டன் மார்க்ஸ் இருவரும் 1997இல் ஒரு மாற்று யோசனை சொன்னார்கள்: மனிதனோடும் அவன் நாயோடும் வந்த கொடிய தொற்று பெருவிலங்குகளைக் கொன்றிருக்கலாம். கால்நடை மருத்துவனால் இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. வெக்கை நோய் 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, சில ஆண்டுகளில் மாடுகளிலும் காட்டெருமைகளிலும் பத்தில் எட்டு ஒன்பதைக் கொன்றது. அதே நோயை இந்தியாவிலிருந்து விரட்டத் தலைமுறை தலைமுறையாக எங்கள் துறையினர் ஊசியோடு ஊர் ஊராக அலைந்தார்கள். 1995க்குப் பின் இங்கே அது இல்லை, 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவ்வளவு கொடூரமான நோயும் ஆப்பிரிக்காவில் ஓர் இனத்தைக்கூட முற்றாக அழிக்கவில்லை. மிஞ்சியவை எதிர்ப்புச் சக்தியோடு பெருகின. நோயால் ஒரு பாலூட்டி அழிந்ததற்கு நல்ல சான்று கிறிஸ்மஸ் தீவின் எலிதான். 1899இல் கப்பலில் வந்த கறுப்பு எலிகள் கொண்டுவந்த ஒட்டுண்ணியால் சில ஆண்டுகளில் அது முடிந்தது. அது ஒரே தீவு, ஒரே இனம். யானை, குதிரை, ஸ்லாத், பைம்மா எல்லாவற்றையும் ஒரே கிருமி தாக்கி, வேகமாகப் பெருகும் விலங்குகளை மட்டும் விட்டுவைத்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

12,900 ஆண்டுகளுக்கு முன் வால்நட்சத்திரம் வெடித்ததால் என்று 2007இல் வந்த கருத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். அது ஆஸ்திரேலியாவில் அதற்கு முன்பே முடிந்ததையும், நியூசிலாந்தில் மிகப் பின்னால் முடிந்ததையும் விளக்காது.

நம் ஊர் ஏன் தப்பியது?

ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே மாதம் சென்னைப் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரி, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே தொடக்கம். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் அவர் கற்கருவிகளைக் கண்டார். அங்கே பின்னாளில் சாந்தி பாப்பு குழுவினர் நடத்திய அகழாய்வு, மனித இனத்தார் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கருவி செய்தார்கள் என்று 2011இல் காட்டியது. ஃபுட்டும் அவர் மகன் ஹென்றியும் 1880களில் கர்னூல் பக்கத்து பில்லா சுர்கம் குகைகளைத் தோண்டி விலங்கெலும்புகளை எடுத்தார்கள். அக்குகைகளை மறுபடி ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: கடந்த இரண்டு லட்சம் ஆண்டுகளில் அங்கே வாழ்ந்த பாலூட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் இந்தியாவில் வாழ்கின்றன.

நாம் எதையும் இழக்கவில்லை என்று பொருளல்ல. நர்மதைப் பள்ளத்தாக்கில் எலும்பு விட்டுப்போன நேர்த்தந்தப் பேர்யானை, ஸ்டெகோடான், நீர்யானை, ஒரு காட்டுக்குதிரை ஆகிய நான்கும் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி மறைந்தன. நெருப்புக்கோழியும் போயிற்று, அதன் முட்டையோட்டில் செய்த மணிகள் மகாராஷ்டிரத்தின் பாட்னேயில் கிடைத்தன. நான்கில் இரண்டு யானைச் சொந்தங்கள் என்பது ஈத்துக் கணக்கோடு ஒத்துப்போகிறது. கடைசிப் பனியுகத்தில் பருவமழை வலுவிழந்ததும் நீர்யானைக்கு உதவியிருக்காது. ஆனாலும் அமெரிக்காவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒப்பிட்டால் இது சிறிய இழப்பு. ஆப்பிரிக்காவிலும் இதே நிலைதான். லட்சக்கணக்கான ஆண்டுகள் மனித இனத்தாரோடு சேர்ந்து வாழ்ந்த விலங்குகள் இரண்டு கால் உயிரைக் கண்டு ஒதுங்கப் பழகியிருந்தன என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. முன்பின் மனிதனையே பார்த்திராத மோவாவுக்கும் ஸ்லாத்துக்கும் அந்தப் பழக்கம் ஏற்பட நேரம் கிடைக்கவில்லை. பெரிங் தீவில் 1741இல் ஜார்ஜ் ஸ்டெல்லர் கண்டு விவரித்த ராட்சதக் கடற்பசுவும் மனிதனைக் கண்டு அஞ்சாமல் கரையோரம் மேய்ந்தது. 1768க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

என் முடிவு

உலகம் முழுமைக்கும் ஒரே காரணத்தை எழுதுபவர்கள் இரு கட்சியிலும் அவசரப்படுகிறார்கள். நியூசிலாந்தில் மனிதன், அதில் மறுபேச்சு இல்லை. செயின்ட் பாலில் கடலும் குடிநீரும். அங்கே மனிதன் நிரபராதி. ரேங்கலில் முடிவு சொல்லச் சான்று போதாது. சைபீரியாவில் இனத்துக்கு இனம் வேறு: கம்பளிக் காண்டாமிருகத்தின் தேய்வுக்குப் பருவமாற்றமே போதும், காட்டெருமைக்கும் குதிரைக்கும் இரண்டும் சேர்ந்தன என்று 2011இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கணித்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பருவமாற்றம் சில கூட்டங்களைச் சிறிதாக்கிச் சிதறடித்திருக்கலாம். ஆனால் மனிதன் வராமல் இருந்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி இந்த முறையும் தாண்டி வந்திருக்கும் என்பதே என் முடிவு. மார்ட்டின் சொன்ன வேகத்தில் அது நடந்திருக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு இரண்டு மூன்று என்று தொடர்ந்து எடுத்தாலே போதுமாக இருந்திருக்கிறது.

அந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. யானை இன்னும் 22 மாதம்தான் சுமக்கிறது. காட்டோர ஊர்களில் மின்கம்பத்திலிருந்து நேராகக் கொக்கிபோட்டு இழுத்த வேலியில் மாட்டியும், ரயிலில் அடிபட்டும், குழியில் விழுந்தும் சாகும் யானைகளைப் பற்றிய செய்திகளில் எப்போதும் ஒன்று இரண்டு என்றே எண்ணிக்கை இருக்கும். அதைப் படித்துவிட்டு ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். ஆண்டுக்கு ஆண்டு பிறப்பில் இறப்பு போக மிஞ்சும் சிறு எண்ணிக்கைதான் ஓர் இனத்தின் ஆயுள். பயிர் சேதத்துக்கு விவசாயிக்கு இழப்பீடு உடனே கிடைக்கட்டும், திருட்டு மின்வேலி நிற்கட்டும், வழித்தடத்தில் ரயில் வேகம் குறையட்டும். அந்தச் சிறு எண்ணிக்கையில் நாம் கை வைக்காமல் இருந்தால் யானை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.